எங்க ஊர் பேருல எழுத்து இல்லையா?

கணினி என்றதும் பக்கத்துத் தாளுக்கு ஓடிவிடாதீர்கள்! இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய பாடம். ஒரு ஆறாம் வகுப்புத் தம்பி கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது. ஒரு சின்ன அறிவிப்பு: புரோகிராமை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இந்தத் தாள் தமிழ்த் தாள் என்பதால் கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன்.

நம்ம பள்ளி நூலக அட்டைக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் கணினியில் ஏற்றும் வேலையை எங்கள் பிரிவுக்குக் கொடுத்தார்கள். நான் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஊர்ப் பெயர் கட்டத்தில் யாராவது விளையாட்டாக எண்ணையோ கோடு, புள்ளியையோ அடித்துவிடக் கூடாதே! அதனால் ஒரு காவல்காரனை நிறுத்தினேன். அவன் பெயர் 'இஸ்ஆல்ஃபா'. "இது முழுக்க எழுத்துதானா?" என்று பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லும் கட்டளை. இல்லை என்றால் திரையில் "எழுத்துகளை மட்டும் அடிக்கவும்" என்று வரும்படி வைத்தேன். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. தமிழில் சோதிக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

முதலில் உட்கார்ந்த தம்பி குரங்கணியிலிருந்து பஸ்ஸில் வருபவன். மெதுவாக ஒவ்வொரு விசையாகத் தேடி 'குரங்கணி' என்று அடித்தான். "எழுத்துகளை மட்டும் அடிக்கவும்." அழித்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் அதே வரி. நாலு தடவை ஆச்சு. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, எங்க ஊர் பேருல எழுத்து இல்லையா?" என்றான்.

எனக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "நீ சரியாத்தான்டா அடிச்சிருக்க, தப்பு என்னோடது" என்று சொல்லி, அன்றைக்குக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். பிறகுதான் காவல்காரன் எப்படி யோசிக்கிறான் என்று தேட ஆரம்பித்தேன். கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்கி என்ற பழைய அட்டவணையில் ஆங்கிலப் பெரிய ஏ என்றால் 65, பெரிய இசட் 90, சின்ன ஏ 97, பூஜ்யம் 48, இடைவெளி 32. அப்படியானால் 'எழுத்தா?' என்று கேட்க 65-லிருந்து 90-க்குள் இருக்கிறதா, 97-லிருந்து 122-க்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஐபிஎம் பெரிய கணினிகளில் எப்சிடிக் என்று வேறொரு அட்டவணை உண்டு. அதில் ஏ-யிலிருந்து ஐ வரை 193 முதல் 201. அடுத்த எழுத்தான ஜே 202 இல்லை, 209! அங்கிருந்து ஆர் வரை 217, அப்புறம் எஸ் 226-க்குத் தாவுகிறது. நடுவில் ஓட்டை. எல்லை வைத்து எழுதிய புரோகிராம் அங்கே போனால் ஓட்டையில் இருப்பதையும் எழுத்து என்று சொல்லிவிடும். அதனால்தான் "நீ எல்லையைப் பார்க்காதே, என்னைக் கேள், நான் சொல்றேன்" என்று மொழியின் நூலகமே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சி மொழியில் இதற்கு 'சி-டைப்' என்று தனித் தலைப்புக் கோப்பே இருக்கிறது. பதினோராம் வகுப்பு சி++ பாடத்தில் இஸ்ஆல்ஃபா, இஸ்டிஜிட், இஸ்அப்பர் என்று மனப்பாடம் செய்தோமே, அதெல்லாம் இந்தக் குடும்பம்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் அழகான வேலை. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது ஒரு சின்ன அட்டவணை. மொத்தம் 129 கட்டம். ஆஸ்கிக்கு 128, கோப்பு முடிந்தது என்பதைச் சொல்லும் மைனஸ் 1-க்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் எழுதியிருக்கும். பெரிய எழுத்து என்றால் 1, சின்ன எழுத்து 2, எண் 4, இடைவெளி 8, நிறுத்தக்குறி 16, கட்டுப்பாட்டுக் குறி 32, பதினாறடிமான எண்ணில் வரும் எழுத்து 64. ஏன் இப்படி இரட்டிப்பாகப் போகிறது? ஒவ்வொன்றும் ஒரு விளக்கு சுவிட்ச் மாதிரி. ஒரே கட்டத்தில் இரண்டு விளக்கும் எரியலாம்.

பெரிய ஏ-யை எடுத்துக்கொள்வோம். அது பெரிய எழுத்து (1), பதினாறடிமானத்திலும் வரும் (64). ஆக அதன் கட்டத்தில் 65. (அதன் ஆஸ்கி எண்ணும் 65 என்பது தற்செயல், குழம்பிவிடாதீர்கள். ஜி-க்குப் பார்த்தால் கட்டத்தில் வெறும் 1.) இஸ்ஆல்ஃபா என்ன செய்கிறது? 1, 2 ஆகிய இரண்டு விளக்கில் ஏதாவது ஒன்று எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எரிந்தால் எழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு 4-ஆவது விளக்கு மட்டும்தான் எரியும், அதனால் எழுத்து இல்லை. ஒரே பார்வை, ஒரே 'அண்டு' கணக்கு, முடிந்தது. எத்தனை 'இஃப்' மிச்சம் பாருங்க!

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். எங்கம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். போடியில் பாதி வீடுகளுக்கு அந்த வாசனை தெரியும். மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் போட்டு ஆட்டுவார்கள். எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று ஓட்டையின் அளவை வைத்துக் காய் பிரியும். பெருத்த காய் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். அதற்கப்புறம் கையால் வெடித்தது, நிறம் போனது எல்லாம் பொறுக்குவார்கள், ஏனென்றால் சல்லடைக்கு நிறம் தெரியாது. இஸ்ஆல்ஃபாவும் ஒரு சல்லடைதான். அந்த 129 கட்டச் சல்லடை ஆங்கிலத்துக்கு என்று அடித்த சல்லடை. மிளகுக்கு அடித்த சல்லடையில் ஏலக்காயைக் கொட்டினால் ஒன்றும் கீழே இறங்காது. அதற்குக் காயைக் குற்றம் சொல்ல முடியுமா?

சரி, சி மொழி பழசு. பைத்தானுக்கு என்ன வந்தது? அதற்குத் தமிழ் தெரியுமே! தெரியும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

யூனிகோடு என்ற உலக அட்டவணையின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. அதிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். நமக்கு 247 எழுத்தாச்சே, 128 இடத்தில் எப்படி உட்கார்த்தினார்கள்? இந்திய மொழிகளுக்காக 1988-இல் நம் நாட்டில் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றினார்கள். க என்பதற்கு ஒரு இடம் (2965). உகரத்தின் கொக்கிக்குத் தனி இடம் (3009). இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் திரையில் 'கு' என்று தெரியும். புள்ளிக்குத் தனி இடம் (3021). க-வும் புள்ளியும் சேர்ந்தால் 'க்'.

இதைத் தமிழய்யாவிடம் சொன்னேன். சிரித்தார். "நம்ம இலக்கணத்துல க் தான் முதல், அதோட அ சேர்ந்து க வரும். உன் கணினி க-வை முதல்ல வெச்சு, புள்ளி போட்டு அ-வை எடுக்குதா? தலைகீழா இருக்கே!" என்றார். உண்மைதான். தொல்காப்பியக் கணக்கில் உயிர் 12, மெய் 18, ஆக முதலெழுத்து 30. உயிர்மெய் அவற்றின் சேர்க்கை.

அந்த அட்டவணையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வகை எழுதி வைத்திருக்கிறார்கள். அ, ஆ, க, ங போன்றவற்றுக்கு 'எழுத்து' என்ற வகை. துணைக்கால், கொக்கி, கொம்பு, புள்ளி இவற்றுக்கு 'சேர்க்கைக் குறி' என்ற வகை, ஏனென்றால் அவை தனியாக நிற்காது. பைத்தானின் இஸ்ஆல்ஃபா 'எழுத்து' வகையை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. ஒரு கொக்கி வந்தால்கூடப் போச்சு, சொல் முழுவதும் 'இல்லை'.

குரங்கணியைப் பிரிப்போம். கு, ர, ங், க, ணி. நமக்கு 5 எழுத்து. கணினிக்கு க, கொக்கி, ர, ங, புள்ளி, க, ண, இகரக் குறி என்று 8. எட்டில் மூன்று 'குறி'. ஆகவே எழுத்து இல்லை என்றது. தமிழ் என்ற சொல்லையே கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் 'இல்லை'! தமிழ் எழுத்தே இல்லையாம்!

பிறகு ஒரு ஆர்வத்தில் 247-க்கும் கணக்குப் போட்டேன். உயிர் 12-உம் தேறும். ஆய்தம் தேறும். அகர உயிர்மெய் 18 தேறும். மெய் 18-உம் புள்ளியால் விழும். மீதி உயிர்மெய் 198-உம் குறியால் விழும். மொத்தம் தேறுவது 31, விழுவது 216. கணக்குச் சரிதானா என்று கூட்டிப் பாருங்க. அப்படியென்றால் எந்தச் சொல்தான் இந்தக் காவல்காரனைத் தாண்டும் என்று நானும் என் பெஞ்சுக்காரனும் யோசித்தோம். சலசல தாண்டும். கலகல, மளமள, படபட, தடதட எல்லாம் தாண்டும். இரட்டைக்கிளவிக்கு அனுமதி உண்டு, போடிக்கும் தேவாரத்துக்கும் கொட்டக்குடிக்கும் அனுமதி இல்லை! கணினி அறையில் சத்தம் போட்டுச் சிரித்ததற்குக் கம்ப்யூட்டர் சாரிடம் திட்டு வாங்கினோம்.

எண் விஷயத்தில் மட்டும் பைத்தான் நல்ல பிள்ளை. தமிழ் எண்களான ௧, ௨ இரண்டையும் சேர்த்துக் கொடுத்து எண்ணாக மாற்று என்றால் 12 என்று சரியாகச் சொல்கிறது. ௰ என்ற பத்தைக் கொடுத்தால் 'இஸ்டிஜிட்' இல்லை என்கிறது, 'இஸ்நியூமெரிக்' ஆம் என்கிறது. அது சரிதான், பத்து என்பது ஓர் இலக்கம் இல்லையே. பழைய வீட்டுப் பத்திரத்தில் ௱, ௲ பார்த்தவர்களுக்கு இது பிடிக்கும்.

அப்போ யூனிகோடு செய்தது தப்பா? நான் முதலில் அப்படித்தான் கோபப்பட்டேன். படித்துப் பார்த்ததில் அப்படியும் சொல்ல முடியவில்லை. வகைப்பட்டியல் தவிர 'அகரவரிசையில் சேர்ந்தது' என்று இன்னொரு பண்பும் யூனிகோடு கொடுக்கிறது. அதில் நம் கொக்கி, கொம்பு எல்லாம் உண்டு (புள்ளி மட்டும் இல்லை, அது வேறு வருத்தம்). பைத்தான் அந்தப் பண்பைப் பார்ப்பதில்லை. 'நாங்கள் பார்ப்பது வேறு' என்று அதன் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். கையேட்டைப் படிக்காதது நான்தான். ஜாவாவில் இரண்டுக்கும் இரண்டு கட்டளை இருக்கிறது, 'இஸ்லெட்டர்' ஒன்று, 2011-இல் ஏழாம் பதிப்பில் சேர்ந்த 'இஸ்ஆல்ஃபபெடிக்' ஒன்று. இகரக் குறியை முதலாவது விரட்டும், இரண்டாவது ஏற்கும்.

இதைவிட வேடிக்கை கேளுங்க. பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். குரங்கணி = 5 என்று எழுதினால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. பெயராக இருக்கத் தகுதி உண்டு, எழுத்தாக இருக்கத் தகுதி இல்லை!

இந்தத் தகுதியைச் சோதிக்கும் கட்டளையை ('இஸ்ஐடென்டிஃபையர்') காவலுக்கு வைக்கலாமா என்று பார்த்தேன். குரங்கணி7 என்பதையும் அது விட்டுவிடுகிறது. ஒரு மெய்க்கு இரண்டு புள்ளி வைத்தாலும் விட்டுவிடுகிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சி++-இல் செய்தால் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்டான். அது இன்னும் மோசம். அங்கே தமிழ் எழுத்து பைட்டு பைட்டாக உடைந்து வரும். க என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டு. நம் கம்பைலரில் 'கேரக்டர்' வகைக்கு மைனஸும் உண்டு என்பதால் 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். அட்டவணையில் மைனஸ் 32-ஆவது கட்டம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! சில கம்பைலரில் 'இல்லை' என்று பதில் வரும், சிலதில் புரோகிராமே நின்றுவிடும். இஸ்ஆல்ஃபாவுக்குக் கொடுக்கும் முன் 'அன்சைண்டு கேரக்டர்' ஆக மாற்ற வேண்டும் என்று சார் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, ஊர்ப் பெயருக்கு 20 கட்டம் போதும் என்று நினைப்போம். போடிநாயக்கனூர் எட்டு எழுத்துதானே? எட்டு எழுத்து, 14 குறியீடு, 42 பைட்டு! 20 கட்டத்தில் 'போடிநா' வரை வந்து அடுத்து ஒரு உடைந்த சதுரம் தெரியும். செய்து பார்த்தேன், அப்படியே வந்தது.

கடைசியில் நானே ஒரு காவல்காரனை எழுதினேன். இருபது வரிகூட இல்லை. இரண்டு பட்டியல் வைத்தேன். முதல் பட்டியலில் தனியே நிற்கக்கூடியவை: உயிர் 12, ஆய்தம், அகர உயிர்மெய் 18, கூடவே ஜ, ஷ, ஸ, ஹ. இரண்டாவதில் ஒட்டி நிற்பவை: உயிர்க்குறி 11, புள்ளி. சொல்லை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். முதல் பட்டியலில் இருப்பது வந்தால் எழுத்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. இரண்டாவது பட்டியலில் இருப்பது வந்தால், அதற்கு முன்னால் நின்றது க, ங, ச போன்ற அகரம் ஏறிய மெய்யா என்று பார். ஆம் என்றால் சரி, எண்ணிக்கையைக் கூட்டாதே. இல்லை என்றால் தப்பு. அதனால் கொக்கி தனியாக வந்தாலும், உயிரெழுத்துக்குப் பின் வந்தாலும், புள்ளிமேல் புள்ளி வந்தாலும் மாட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளி ஒன்று வரலாம், இல்லையென்றால் டாப் ஸ்டேஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

போட்டுப் பார்த்தால் குரங்கணி 5, போடி 2, ஏலம் 3 என்று எழுத்தும் சரியாக எண்ணிச் சொல்கிறது. சந்தோஷமாகக் கத்தப் போனேன். அதற்குள் ஒரு 'போடி' மட்டும் விழுந்தது! பக்கத்திலேயே இன்னொரு 'போடி' தேறி நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது. ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒரே குறியாக அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. விழுந்த போடி இரண்டாவது வகை. அதற்கு மருந்து பைத்தானிலேயே இருக்கிறது. 'நார்மலைஸ்' என்ற கட்டளை இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். காவலுக்கு முன் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் ஒரு முறை உண்டு. அதற்குப் பெயர் டேஸ்-16. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதற்கு மாற்றாக டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் நம் கைபேசியில், கணினியில், பைத்தானில் இருப்பது யூனிகோடுதான். ஆகவே என் இருபது வரி இப்போதைக்குத் தேவைப்படுகிறது. ஓப்பன்-தமிழ் என்ற இலவச பைத்தான் நூலகத்திலும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் கட்டளை இருக்கிறது. தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும், ஆனால் நானே எழுதியதில் ஒரு பெருமை!

மறுவாரம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். குரங்கணி என்று அடித்தான். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது, 5 எழுத்து' என்று வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அண்ணே, கரெக்டா சொல்லுது" என்றான். அடுத்து அவன் அடித்தது 'ஃஃஃஃ'. அதையும் என் காவல்காரன் ஊர்ப் பெயர் என்று ஏற்றுக்கொண்டான்! அதை இன்னும் சரி செய்யவில்லை.

மூளைக்கு வேலை: பழைய இஸ்ஆல்ஃபாவைத் தாண்டும் தமிழ்ச் சொற்கள், இரட்டைக்கிளவி அல்லாமல், எத்தனை சொல்ல முடியும்? 'பல' என்று ஒன்று நான் தருகிறேன். மற்றவற்றை எழுதிக் கணினி அறை வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சோதிக்க நினைப்பவர்கள் மதிய இடைவேளையில் வாங்க. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வரணும், சார் உத்தரவு.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்